நூறு ஆண்டு காத்திருந்த கேள்வி

நம் நாட்டு மக்களவை கூடும் நாள்களில், காலை 11 மணிக்கு, முதல் அலுவலாக எடுத்துக்கொள்ளப்படுவது கேள்விகளே ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி நேரம் என்று பெயர். அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்கிறார். துறைக்குப் பொறுப்பான அமைச்சர் எழுந்து விடை கூறுகிறார். இத்தனை பள்ளிகளில் ஆசிரியர் இல்லாதது ஏன்? பகலுணவுக்கென ஒதுக்கிய பணம் செலவாயிற்றா? இடையிலே பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? இவை போன்ற கேள்விகளுக்கு அமைச்சர் விடை கூறியே ஆகவேண்டும். அதிகாரத்தில் இருப்பவரை, எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும், எழுந்து நின்று விடை சொல்லச் செய்வது இந்த ஒரு மணி நேரத்தின் சிறப்பு.

இந்த வழக்கம் நமக்கு எளிதிலே கிடைத்ததன்று. கேள்வி கேட்கும் உரிமையைப் பெறவே நம் முன்னோர் நெடுங்காலம் போராடினர். உரிமை கிடைத்த பின்னரும், கேட்ட கேள்விக்குத் தக்க விடை கிடைக்கப் பல தலைமுறைகள் காத்திருந்தனர். அத்தகைய கேள்விகளுள் தலையாயது ஒன்று உண்டு. இந்த நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கம் எழுத்தறிவு தருமா என்பதே அது. அக்கேள்வியின் வரலாற்றையும், அதற்கு அவ்வப்போது ஆட்சியாளர் கூறிய விடைகளின் வரலாற்றையும் இங்கே காண்போம்.

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைசிராயின் சட்டசபையில் இந்தியர் சிலர் இடம்பெற்றனர். எனினும் அச்சபை சட்டம் இயற்றுவதற்கு மட்டுமே கூடிற்று. அரசாங்கத்தை நோக்கி ஒரு கேள்வியும் கேட்க இயலாது. 1892ஆம் ஆண்டின் இந்தியச் சட்டசபைகள் சட்டமே முதன்முதலாக அந்த உரிமையை வழங்கிற்று. அடுத்த ஆண்டு, 1893இல், முதற்கேள்வி கேட்கப்பட்டது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாம்களுக்குப் பொருள் கொடுத்துதவும் கிராமக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியது அது. பேரரசின் மாமன்றத்தில் எழுந்த முதற்குரல் ஓர் ஏழைக் கடைக்காரனின் குறையைப் பேசிற்று என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஆனால் அந்த உரிமை அரைகுறையானது. கேள்வியை முன்னதாகவே எழுதிக் கொடுக்கவேண்டும். தலைவர் விரும்பாவிட்டால் அதனைத் தள்ளிவிடலாம். அரசாங்கம் கூறும் விடையைப் பற்றி விவாதிக்க இடமில்லை. அவ்விடையிலிருந்து எழும் துணைக்கேள்வியைக் கேட்கவும் இடமில்லை. ஆசிரியர் ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டு, ஐயம் கேட்கக்கூடாது என்று கட்டளையிட்டால் வகுப்பு எப்படியிருக்கும்? ஏறக்குறைய அந்நிலையே அங்கும் இருந்தது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ - மார்லி சீர்திருத்தம் இதனைச் சற்றே தளர்த்திற்று. கேள்வி கேட்டவர் தாமே ஒரு துணைக்கேள்வியும் கேட்கலாம் என்று ஆயிற்று. பொதுநலம் பற்றிய தீர்மானங்களைக் கொண்டுவரும் உரிமையும் அங்கத்தினர்களுக்குக் கிடைத்தது.

இந்தப் புதிய உரிமையைக் கல்விக்காகப் பயன்படுத்தியவர் கோபால கிருஷ்ண கோகலே. அவர் 1866இல் ரத்தினகிரி மாவட்டத்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். புனா பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியவர். அச்சங்கத்தில் 1907இல் சேர்ந்து, கோகலேக்குப்பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கோகலே 1902 முதல் வைசிராயின் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். வரவு செலவுத் திட்டத்தின்மீது அவர் ஆற்றிய உரைகளைக் கேட்க அதிகாரிகளும் ஆவலோடு காத்திருந்தனர். கூச்சலிடாமல், கணக்கைக் காட்டிக் கேட்பது அவர் வழக்கம்.

1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோகலே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நாடெங்கும் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கவும், படிப்படியாகக் கட்டாயமாக்கவும் அரசாங்கம் முற்படவேண்டும் என்பது அதன் கருத்து. அவர் எடுத்துக்காட்டிய கணக்கு எளியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள்தொகையில் நூற்றுக்கு 21 பேர் ஆரம்பப் பள்ளிகளில் பயின்றனர். ஜப்பானில் நூற்றுக்கு 11 பேர் பயின்றனர். பிரிட்டிஷ் இந்தியாவிலோ 1.9 பேரே பயின்றனர். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர்தாம். நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் தமக்கு வரும் கடிதத்தையும், தாம் கைந்நாட்டு வைக்கும் கடன் பத்திரத்தையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்டே வாழ்ந்தனர்.

இந்தக் கேள்வியைக் கோகலேதான் முதன்முதலில் எழுப்பினார் என்று கொள்ளலாகாது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் சான்று அளித்த ஜோதிராவ் பூலேயும் தாதாபாய் நௌரோஜியும், மக்கள் கட்டும் வரி மக்களின் ஆரம்பக் கல்விக்குப் பயன்படவேண்டும் என்று வற்புறுத்தியிருந்தனர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் தம் நாட்டு அம்ரேலி வட்டத்தில் கட்டாயக் கல்வியைச் செய்து பார்த்து, 1906இல் நாடு முழுவதும் பரப்பினார். எனவே, இந்தியாவில் இது நடவாத காரியம் என்று யாரும் சொல்லமுடியாத நிலை இருந்தது. ஓர் இந்திய மன்னரால் இயன்றது பேரரசால் ஏன் இயலாது என்பதே கோகலேயின் கேள்வி.

அரசாங்கம் இதனை முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. நன்றாக ஆராய்ந்து பார்ப்பதாக வாக்களித்தது. அதன்பேரில் கோகலே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் கல்விக்கெனத் தனித்துறை ஒன்று அமைந்தது. சர் ஹார்கோர்ட் பட்லர் என்பவர் வைசிராயின் நிர்வாக சபையில் கல்வித்துறைப் பொறுப்பை ஏற்றார். அமைச்சர் என்ற பெயர் அவருக்கு இல்லை. எனினும் சபையில் கல்வி பற்றிய கேள்விகளுக்கு விடை கூறும் கடமை அவருடையது ஆயிற்று.

வாக்களித்தபடி காரியம் நடவாமையால், 1911 மார்ச்சு மாதத்தில் கோகலே ஒரு மசோதாவையே கொண்டுவந்தார். இன்று அம்மசோதாவைப் படிப்போர், அது எவ்வளவு அடக்கமானது என்று வியப்பர். கட்டாயக் கல்வி நாடு முழுவதும் ஒரே நாளில் வரவேண்டும் என்று அது கூறவில்லை. குறித்த விகிதத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கும் இடங்களில் மட்டும், நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பினால் மட்டும், மாகாண அரசாங்கம் இசைந்தால் மட்டும் கட்டாயம் வரும். ஆறு வயது முதல் பத்து வயது வரை உள்ள சிறுவர்க்கே முதலில் அது பொருந்தும். சிறுமியரைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். மாத வருமானம் பத்து ரூபாய்க்கு மேற்படாத பெற்றோரிடம் சம்பளம் வாங்கலாகாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும், ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனங்களும் ஏற்கவேண்டும். இங்கிலாந்து 1870இலும் 1876இலும் இயற்றிய கல்விச் சட்டங்களைப் பின்பற்றியே இம்மசோதா வரையப்பட்டிருந்தது. ஆள்வோர் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்துகொண்டதன் ஒரு சிறு பகுதியையே கோகலே கேட்டார்.

மசோதா நாடெங்கும் கருத்தறிய அனுப்பப்பட்டது. பின்னர் 1912 மார்ச்சில் கல்கத்தாவில் அதன்மீது விவாதம் நடந்தது. பட்லர் அரசாங்கத்தின் விடையைக் கூறினார். கட்டாயக் கல்வி வேண்டும் என்று பொதுமக்கள் கேட்கவில்லை. மாகாண அரசாங்கங்கள் இதனை விரும்பவில்லை. ஸ்தல ஸ்தாபனங்களிடம் பணம் இல்லை. போதிய ஆசிரியர் இல்லை. கட்டாயமின்றியே பள்ளிகளைப் பெருக்க இன்னும் இடம் உண்டு என்பன அவ்விடையின் சாரம். கல்வி பரவவேண்டும் என்பதில் தமக்கும் ஆவல் உண்டு என்று சொல்ல அரசாங்கம் தவறவில்லை. மசோதாவை ஆதரித்துப் பேசியவருள் முகம்மது அலி ஜின்னாவும் ஒருவர். இந்திய அங்கத்தினருள்ளும் எதிர்த்தோர் இருந்தனர். மார்ச்சு 19ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. மசோதாவுக்கு ஆதரவாக 13 வாக்குகள். எதிராக 38 வாக்குகள். அதிகாரிகளே பெரும்பான்மையாக இருந்த அச்சபையில் முடிவு முன்னரே தெரிந்ததுதான். கோகலேயும் அதனை அறிந்தே பேசினார். தம் தலைமுறை தோல்விகளாலேதான் நாட்டுக்குத் தொண்டு செய்ய முடியும் என்ற கருத்தை வெளியிட்டு அவர் அமர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்குள், 1915 பிப்ரவரியில், அவர் மறைந்தார்.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பட்லர் கூறியவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை மெய்யே; ஸ்தல ஸ்தாபனங்களின் வறுமையும் மெய்யே. அவர் கல்வியில் அக்கறையற்றவரும் அல்லர். அப்படியாயின் குறை எங்கே இருந்தது? விடை கூறியவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில் இருந்தது. அவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்குக் கட்டுப்பட்டவர். எதிரே நின்று கேட்டவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தம் விடை பொருந்தாவிட்டால் பதவி போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இல்லை. மக்கள் கேட்கவில்லை என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் எழுத்தறியாத நாட்டில், மக்கள் எந்த மனுவில் எழுதிக் கேட்பார்கள்? அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. பசித்தவன் வாயைக் கட்டிவிட்டு, அவன் சோறு கேட்கவில்லை என்று சொன்னாற்போல இருந்தது அந்த விடை.

ஆயினும் மறுக்கப்பட்ட கேள்வி மறைந்துபோகவில்லை. 1913 பிப்ரவரியில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட கல்விக் கொள்கை, கட்டாயத்தை ஏற்காவிட்டாலும், பள்ளிகளைப் பெருக்கவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டு, பணம் போருக்குச் சென்றது. 1918இல் பம்பாய்ச் சட்டசபையில் விட்டல்பாய் பட்டேல் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, நகரசபைகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர வழிசெய்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு பல மாகாணங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. சென்னை மாகாணத்தின் ஆரம்பக் கல்விச் சட்டம் 1920இல் நிறைவேறியது.

இதற்குள் ஆட்சிமுறையிலும் மாறுதல் வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியை ஏற்படுத்திற்று. கல்வி, சுகாதாரம் முதலிய துறைகள் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சபையில் துணைக்கேள்வி கேட்கும் உரிமை எல்லா அங்கத்தினர்க்கும் கிடைத்தது. சென்னையில் முதல் அமைச்சராக இருந்த சுப்பராயலு ரெட்டியார் கல்வித் துறையையும் தம்மிடம் வைத்திருந்தார். அவருக்குப்பின் ஏ. பி. பாத்ரோ 1926 வரை கல்வி அமைச்சராக இருந்தார். இப்பொழுது கேட்பவரும் இந்தியர். விடை கூறுபவரும் இந்தியர். ஆனால் ஒரு பெருங்குறை எஞ்சி நின்றது. நிதித்துறை ஆளுநரின் நிர்வாக சபையிடமே இருந்தது. கல்வி அமைச்சரிடம் பொறுப்பு இருந்தது. பணப்பெட்டியின் சாவி இல்லை. பள்ளி ஏன் இல்லை என்று கேட்டால், பணம் இல்லை என்று அவர் சொல்லவேண்டும். பணம் ஏன் இல்லை என்று கேட்டால், அது தம் கையில் இல்லை என்று சொல்லவேண்டும்.

இக்காலத்தில் சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். 1920இல் சென்னை நகரசபை, பிட்டி தியாகராயச் செட்டியாரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. உணவு கிடைத்த பள்ளிகளுக்குப் பிள்ளைகள் மிகுதியாக வந்தனர். எனினும் ஆரம்பக் கல்விக்கான நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் கூடாது என்று மேலிடம் மறுத்தமையால், 1925இல் அத்திட்டம் நின்றது. சோறு கல்விச் செலவாகுமா என்பது அன்று ஒரு கணக்குக் கேள்வியாகத் தோன்றிற்று. உண்மையில் அது வாழ்க்கைக் கேள்வி.

அதன் ஆழத்தை 1929ஆம் ஆண்டின் ஹார்ட்டாக் குழு அறிக்கை வெளிப்படுத்திற்று. 1922-23ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் படித்த ஒவ்வொரு நூறு பிள்ளைகளிலும், 1925-26ஆம் ஆண்டில் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேரே என்று அக்குழு கண்டது. எண்பத்திரண்டு பேர் வழியிலே தங்கிவிட்டனர் அல்லது நின்றுவிட்டனர். இதனால்தான் துணைக்கேள்வி இன்றியமையாதது. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்பது முதற்கேள்வி. அதற்கு விடை பெரிய எண்ணாக இருக்கும். எத்தனை பிள்ளைகள் நிலைத்தனர் என்பது துணைக்கேள்வி. உண்மை அங்கேதான் வெளிவரும்.

நாடு விடுதலை அடையும் காலம் நெருங்கியது. 1944இல் வெளிவந்த சார்ஜண்ட் அறிக்கை, ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்க நாற்பது ஆண்டுகள் வேண்டும் என்றது. அரசியல் நிர்ணய சபை அவ்வளவு காலம் பொறுக்க விரும்பவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் முயலவேண்டும் என்று வகுத்தது. 1948 நவம்பர் 23ஆம் நாள் இதன்மீது நடந்த விவாதம் சுருக்கமானது. ஆனால் பொருள் பொதிந்தது. இலவச ஆரம்பக் கல்வி பெறக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று வரைவில் இருந்த சொற்களை நீக்கவேண்டும் என்று லட்சுமி காந்த மைத்ரா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இப்பகுதி அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகளைக் கூறுவது. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமைகளுக்கு இங்கே இடமில்லை என்பது காரணம். அத்திருத்தம் ஏற்கப்பட்டது. கல்வி என்ற சொல்லை ஆரம்பக் கல்வி என்று சுருக்கவேண்டும் என்று நசிருத்தீன் அகமது மற்றொரு திருத்தம் கொண்டுவந்தார். சட்ட அமைச்சர் டாக்டர் அம்பேத்கர் அதற்கு விடை கூறினார். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தலாகாது என்று இதே அரசியலமைப்பு தடுக்கிறது. வேலைக்கும் போகாத குழந்தை எங்கே இருக்கவேண்டும்? கல்விக்கூடத்தில்தான் இருக்கவேண்டும்; ஆகவே பதினான்கு வயது முடியும் வரை கல்வி அளிப்பதே முறை என்பது அவர் வாதம். சபை அதனை ஏற்றது. பட்லரின் விடை செய்ய இயலாமைக்குக் காரணங்களை அடுக்கிற்று. அம்பேத்கரின் விடை குழந்தையின் வாழ்நாளை எண்ணிப் பார்த்து, அதிலிருந்து அரசின் கடமையை வகுத்தது. இரண்டுக்கும் இடையே 36 ஆண்டுகள்.

இவ்வாறு பிறந்ததே அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு. 1950இல் அது நடைமுறைக்கு வந்தது. 1960க்குள் குறிக்கோள் நிறைவேறவேண்டும். சென்னை மாநிலத்தில் இதற்கான முயற்சி எளிதாக நடைபெறவில்லை. 1953இல் இராஜாஜியின் அமைச்சரவை, ஆரம்பப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து முறை வைத்துக் கற்பித்தால், இருக்கும் பள்ளிகளிலேயே மிகுதியான பிள்ளைகள் படிக்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற பகுதி, குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று கடும் எதிர்ப்பை எழுப்பிற்று. சட்டசபையிலும் வெளியிலும் கேள்விகள் ஓயவில்லை. 1954இல் காமராசர் முதலமைச்சர் ஆனதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் கேட்கவில்லை என்று 1912இல் சொன்னதுபோல் 1954இல் சொல்ல முடியவில்லை. இப்பொழுது கேட்டவர் கையில் வாக்கு இருந்தது.

அதன்பின் சி. சுப்பிரமணியம் நிதி, கல்வி ஆகிய இரண்டு துறைகளுக்கும் அமைச்சராக இருந்தார். இரட்டை ஆட்சிக் காலத்தில் பிரிந்து கிடந்த கேள்வியும் பணப்பெட்டியும் ஒரே கையில் சேர்ந்தன. பள்ளியில்லா ஊர்களுக்குப் பள்ளிகள் வந்தன. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு, காமராசர் பகலுணவுத் திட்டத்தைக் கையில் எடுத்தார். 1956இல் ஊராரின் நன்கொடையால் தொடங்கியது அது. அடுத்த ஆண்டு முதல் செலவில் ஐந்தில் மூன்று பங்கை அரசாங்கம் ஏற்றது. எஞ்சியதை உள்ளூர் ஏற்றது. 1925இல் கல்விச் செலவாகாது என்று மறுக்கப்பட்ட சோறு, முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்விச் செலவாயிற்று. 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த பகலுணவு வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது.

1960ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. அரசியலமைப்பு குறித்த குறிக்கோள் நிறைவேறவில்லை. உரிமை என்ற சொல்லை 1948இல் நீக்கியதன் விளைவு அப்பொழுது விளங்கியது. கொள்கை நிறைவேறாவிட்டால் குழந்தையின் தந்தை நீதிமன்றம் செல்ல வழியில்லை. 1993இல் உண்ணிக்கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி பெறுதல் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆவது திருத்தம் அதனை 21அ என்ற பிரிவாக அரசியலமைப்பிலே எழுதியது. 2009இல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

கோகலே தம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1910 மார்ச்சு மாதம். கேள்விக்கும் விடைக்கும் இடையே நூறு ஆண்டும் சில நாள்களும் கழிந்தன. அவர் கேட்டது ஆறு முதல் பத்து வயது வரை. கிடைத்தது ஆறு முதல் பதினான்கு வரை. அவர் கேட்டது முதலில் சிறுவர்க்கு, கிடைத்தது இருபாலார்க்கும். அவர் மசோதாவில் கட்டாயம் பெரிதும் பெற்றோர்மேல் விழுந்தது. இன்றைய சட்டத்தில் அது முதலில் அரசின்மேல் விழுகிறது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர். அந்த நூறு ஆண்டுகளில் பள்ளி வாயிலைக் காணாமலே வாழ்ந்து மறைந்த கோடிக்கணக்கானோர், தாமதமான விடைக்கு நாடு கொடுத்த விலை ஆவர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். அது 1892இல் வந்தது. மீண்டும் கேட்கும் உரிமை வேண்டும்; அது 1909இலும் 1919இலும் வந்தது. விடை கூறுவோர் கேட்போரின் வாக்குக்குக் கட்டுப்பட்டவராக இருக்கவேண்டும். அது வயதுவந்தோர் வாக்குரிமையோடு வந்தது. கூறிய விடை சட்டத்தால் காக்கப்படவேண்டும். அது 2010இல் வந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விடை வெறுஞ்சொல்லாகிவிடும்.

இன்று மக்களவையில் அமைச்சரிடம் வாய்மொழி விடை வேண்டும் கேள்விகளுக்கு நட்சத்திரக் குறியிடுவர். அவற்றின்மீது துணைக்கேள்வி கேட்கலாம். குறியில்லாதவற்றுக்கு எழுத்தில் விடை வரும். ஆவன செய்வோம், ஆராய்வோம் என்று அமைச்சர் கூறினால், அது காற்றோடு போவதில்லை. அத்தகைய உறுதிமொழிகளைக் குறித்துவைத்து, அவை நிறைவேறினவா என்று பார்க்க மக்களவையில் 1953இலேயே ஒரு குழு அமைந்தது. 1910இல் அக்குழு இருந்திருந்தால், ஆராய்ந்து பார்ப்பதாக அரசாங்கம் கொடுத்த வாக்கைப் பற்றி அடுத்த ஆண்டே கேட்டிருக்கும்.

அமைச்சரிடம் அங்கத்தினர் கேட்கிறார். அங்கத்தினரிடம் கேட்கவேண்டியவர் வாக்காளர். நாளைக்கு அந்த வாக்காளர் நீங்களே. உங்கள் ஊர்ப் பள்ளியில் இவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, அவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கோகலேயைப்போலக் கணக்கோடு கேளுங்கள்; விடை கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.